சம்பந்தக்காரர்கள் இருந்த சதுப்பு

போன மாதம் மகளும் மருமகனும் என்னை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கூட்டிப் போனார்கள். பலகைப் பாதையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஓரிடத்தில் அழுகிய கோரைப்புல் வாசனையோடு மீன் கவிச்சி அடித்தது. பாறைமேல் நண்டு ஓடுகள் கலந்த எச்சம். "இங்க நீர்நாய் இருக்கு" என்றேன். சற்று நேரத்தில் தண்ணீரில் மூன்று தலைகள் எழுந்தன.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றார் மருமகன்.

"காலேஜுல படிச்சது மாப்ளே."

உங்களிடம் சொல்வதற்கென்ன, அது பொய். எனக்குச் சொன்னவர் பேச்சியக்கா.

அது என் இளவயது. தாவரவியல் படித்துவிட்டு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலைக்குச் சேர்ந்த புதிது. ஏலச்செடிக்கும் இஞ்சிச்செடிக்கும் வித்தியாசம் தெரியாத பட்டதாரி நான். காலையில் போடியிலிருந்து ஜீப்பு கிளம்பும். வளைவுக்கு வளைவு ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து போவோம். பேச்சியக்கா மருந்தடிக்கிறவர்களுக்குத் தண்ணீர் சுமப்பவர். தோட்டத்துப் பள்ளத்தில் ஒரு சதுப்பு. அதில் ஒரு நீர்நாய்க் குடும்பம். அவற்றுக்கு அக்கா வைத்த பெயர் சம்பந்தக்காரங்க. "கூட்டமா வாராக, மீனாத் திங்கிறாக, சத்தம் போட்டுட்டுப் போறாக. வேற என்ன பேரு வைக்க?"

பூச்சிமருந்து டிரம்மை அக்கா மேட்டிலுள்ள குழியில்தான் கழுவ வேண்டும். ஒரு மாலை மழை இறங்கிவிட்டது. ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சதுப்புலயே கழுவிட்டு வெரசா வாங்கக்கா" என்றேன்.

"இதுலயா தம்பி? சம்பந்தக்காரங்க இருக்காகளே."

"மழைத்தண்ணி அடிச்சிட்டுப் போயிரும்."

சதுப்பில் தண்ணீர் ஓடாது, தங்கும். பரீட்சையில் எழுதியவன் நான். மூன்றாம் நாள் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. அக்கா செத்துப்போன குட்டி ஒன்றைச் சாக்கில் ஏந்திவந்து என் முன்னால் வைத்தார்.

கீழ்த்தோட்டத்துக்காரர், சதுப்பிலிருந்து கசிவு இறங்கும் தன் குட்டையில் மீன் செத்ததென்று சண்டைக்கு வந்தார். முதலாளி என்னைக் கேட்டார். "பேச்சியம்மா கழுவிருச்சு" என்றேன். அக்கா அங்கேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஜீப்பில் அவரை ஏற்றவில்லை.

போடியில் அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். அவர் இறந்ததைக்கூட மருந்துக்கடையில் யாரோ பேசிக்கொள்ளத்தான் கேட்டேன்.

காப்பகத்திலிருந்து திரும்பும்போது அந்தத் தோட்டத்தைக் கடந்தோம். பள்ளத்தில் ஒரு கோரைகூட இல்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு, அடிவரை ஏலம் நட்டிருந்தார்கள். இப்போது அதற்குக் குழாயில் தண்ணீர் விடுகிறார்கள்.

முன்சீட்டில் மருமகன் என் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தார்: "அந்தக் காலத்துல படிச்சத இன்னும் மறக்கல பாரு, உங்கப்பா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.