அத்தையின் இடது கன்னம்

மாலையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், காலையில் பெண்ணை வெளியே அனுப்பும் வீடு எங்காவது உண்டா? மராட்டிக்காரர்கள் ஊரான சிஞ்ச்வட்டில், எங்கள் வீட்டில் அனுப்பினார்கள். கூடவே என்னையும் அனுப்பினால் அத்தை சீக்கிரம் திரும்பிவிடுவாள் என்பது அம்மா போட்ட கணக்கு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பக்கத்து ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பிறந்ததிலிருந்தே அவள் இடது கன்னத்தில் வெற்றிலை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு மச்சம். அவளிடமே வளர்ந்த எனக்கு அது மூக்கு, காது மாதிரி இன்னொன்று, அவ்வளவுதான். எங்கள் சொந்த ஊரான கோயம்புத்தூரில் ஸ்டுடியோக்காரர் அதைச் சுத்தமாக அழித்துக் கொடுத்த போட்டோதான் ஜாதகத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது. நேரில் வரும்போது பவுடர் பார்த்துக்கொள்ளும் என்று அம்மா நம்பினாள்.

பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா வைத்த வடாபாவ் வாங்கித் தருகிறேன் என்று என்னை லோக்கல் ரயிலில் கூட்டிப்போன அத்தை, நேராக ஓர் ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்துவிட்டாள். பேர்பெற்ற ஓவியர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்த படங்களை அச்சடித்து மாட்டியிருந்தார்கள். ஒருவருக்கு முகமெல்லாம் பச்சை. ஓர் அம்மாளுக்கு இரண்டு புருவமும் ஒட்டிக்கொண்டிருந்தன, மேலுதட்டில் பூனைமீசை வேறு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அத்தைக்கும்தான். ஒரு படத்தின் முன்னால் நிற்பாள், போனைப் பார்ப்பாள், நாலு படம் தள்ளிப் போவாள், பழைய இடத்துக்கே திரும்பி வருவாள். அம்மா விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

அத்தை திரும்பத் திரும்ப வந்து நின்றது, காதில் கட்டுப் போட்ட ஒருவரின் படத்துக்கு முன்னால்.

"ஏனுங்கத்தை, இவருக்குக் காதுல அடி பட்டுருச்சுங்களா?"

"ஆமா கண்ணு. ஆனா வரைஞ்சது அவரேதான். நெனச்சிருந்தா காதை நல்லாவே வரைஞ்சிருக்கலாம். யாரு கேக்கப்போறா?"

பாவம், அவருக்கு அந்த யோசனை வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை படத்தின் பக்கத்தில் நின்று தன்னைத்தானே போனில் எடுக்கப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து விழவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். அவளைப் போட்டோ எடுக்கிற முறை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அந்தப் பக்கம் திரும்புங்கத்தை" என்றேன்.

"வேண்டாம். இப்படியே எடு. மாப்பிள்ளைக்கு அனுப்பறேன். பாத்துட்டு வரட்டும்."

எடுத்தேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவள் அதைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், அனுப்பிவிட்டாள். வடாபாவை இருவருமே மறந்துபோனோம்.

வீட்டில் கேசரி வாசனை. அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்குப் போன் வந்தது. "சரிங்க, பரவாயில்லீங்க" என்று வைத்தவர், "போட்டோ பாத்தாங்களாம். வரலையாம்" என்றார்.

"யாரு அனுப்பச் சொன்னது?" என்று அம்மா கத்தினாள். எடுத்தவள் நானல்லவா! அத்தையின் கையைப் பிடித்து, "கோணலா எடுத்துட்டனுங்க. வேற நல்லதா எடுத்து அனுப்பலாங்களா?" என்றேன்.

அவள் என் சடையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "இதைவிட நல்லா யாரும் எடுத்ததில்ல கண்ணு" என்று சொல்லிவிட்டு, கேசரித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவளுக்கு என்மேல் கோபமில்லை. எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். நிம்மதியாகக் கீழே விளையாடப் போனேன்.