அண்ணனுக்குத் தெரியாத தண்ணீர்

என் அண்ணன் பிளம்பர். தண்ணீரைப் பற்றி முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் அதைப் படைத்தவர், மற்றவர் தாமே என்பது அண்ணனின் எண்ணம். கூடப்பிறந்தவரைப் பற்றி இப்படி எழுதுவதற்குக் கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

ஊரார் வீட்டுக் குழாய்க்கெல்லாம் வைத்தியம் பார்த்தவருக்கு, தன் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவதைச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணிதான் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தார். நானும் கூடப் போனேன். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம். சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புரோஸ்டேட் சுரப்பியில் இருப்பது புற்றுநோயா, வெறும் வீக்கமா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டுமாம்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உடம்புக்குள்ள தண்ணி அசைஞ்சுக்கிட்டே இருக்கும் ஐயா. புற்று இருக்கிற இடத்துல செல்லெல்லாம் நெருக்கியடிச்சு நிக்கும், தண்ணி அசைய இடமிருக்காது. இந்த ஸ்கேன் அதைத்தான் பார்க்குது. இப்ப புதுசா ஒரு கணக்கு முறை வந்திருக்கு. பல படங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டா, எது வீக்கம், எது புற்றுன்னு இன்னும் தெளிவாத் தெரியும்."

"தண்ணியைப் பத்தி எனக்கே பாடமா?" என்று அண்ணன் சிரித்தார்.

ஸ்கேன் எடுப்பவர், ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றிக் குடலைச் சுத்தம் செய்யும் எனிமா பாட்டில் ஒன்றை நீட்டினார். "குடல்ல காத்து இருந்தா படம் கோணிடும். உள்ளே போய்ப் போட்டுட்டு வாங்க."

அண்ணன் போனார், வந்தார். "ஆச்சு" என்றார்.

படத்தைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "பார்க்க வேண்டிய இடமே நெளிஞ்சு கிடக்கு. எந்தக் கணக்கும் இதுல எடுபடாது."

அண்ணிக்கு முகம் வெளிறிவிட்டது. அண்ணனோ வராந்தாவில் நின்று முழங்கினார். "இவ்வளவு பெரிய மெஷினு, ஒரு அடைப்பைக் காட்டத் துப்பில்ல!"

வியர்வையைத் துடைக்கக் கால்சட்டைப் பையிலிருந்து துணியை உருவினார். மூடி திறக்காத எனிமா பாட்டிலும் கூடவே விழுந்து, உருண்டு, அண்ணியின் காலடியில் போய் நின்றது.

"ஏங்க, இது என்ன?"

"ஆம்பளைக்குப் போய் இதெல்லாம்..."

"அடுத்தவங்க சாக்கடையில தோள் வரைக்கும் கைய விடுறீங்க, இதுக்கு மட்டும் வெட்கமாக்கும்! இது தரையில விழுந்துடுச்சு, வேற பாட்டில் வாங்கிட்டு உள்ளே போங்க. இல்லேன்னா இங்கேயே நானே போட்டு விடுவேன்."

முழங்கியவர் முணுமுணுக்காமல் போனார்.

மறுபடி எடுத்த படம் கண்ணாடி மாதிரி வந்தது. பெரும்பகுதி வீக்கம்தான். ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் அசையாத சின்னப் புள்ளி. அங்கே ஊசியால் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றேதான், ஆனால் ஆரம்பம். கடவுள் கருணை, வைத்தியம் பலித்தது.

இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் அண்ணன் சொல்கிறார்: "அடைப்பு எங்கேன்னு டாக்டருக்குக் காட்டினதே நான்தான்."

அண்ணி அண்ணனுடைய ஸ்பானர்கள் இருக்கும் அலமாரியைத் திறந்து, மூடி திறக்காத அந்தப் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கிறார். அண்ணன் உடனே வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்.