செவ்வாய்க்கிழமை இருமல்

கரமனையில் ஒரு டிஸ்பென்சரிக்கு இரண்டாவது டாக்டராகப் போய்ச் சேர்ந்த புதிதில் என்னை ஒருவரும் சட்டை செய்யவில்லை. உள்ளே எட்டிப் பார்த்து, "பெரியவர் இல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மகாராஜா காலத்துத் திருவனந்தபுரத்தில் மழை வந்தால் வீட்டுக்கு வீடு இருமல். பெரிய டாக்டர் நாகர்கோவில்காரர். முப்பது வருஷமாக அதற்கு ஒரே பழுப்பு மிக்சர்தான் கொடுத்துவந்தார். நான் ஆடாதோடைச் சாறு சேர்த்துப் புதிதாக ஒன்று தயாரித்துக் காட்டினேன்.

"நல்லதுன்னு நீரு சொன்னாப் போதுமா? ரெண்டையும் குடுத்துப் பாரும். உம்ம மருந்து ஜெயிச்சா என் மருந்தை ஓடையில கொட்டிருவேன். டாக்டர்மார் கூட்டத்திலயும் அறிக்கையை நீரே வாசியும்" என்றார்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்கு என் மருந்து. செவ்வாய், வியாழன், சனி வருபவர்களுக்கு அவர் மருந்து. ஆளைப் பார்த்து மாற்றுவதே இல்லை. மிதுனம், கர்க்கடகம், அதாவது ஆனி, ஆடி இரண்டு மாத மழையும் முடிந்தபோது என் மருந்து அமோகமாக ஜெயித்திருந்தது. அவர் மருந்தைக் குடித்தவர்களில் பாதிப் பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார்கள்.

அறிக்கையை எழுதி, புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"செவ்வாக்கிழமையும் சனிக்கிழமையும் யாராவது மருந்து சாப்பிட ஆரம்பிப்பாளோ? வியாதி விடாதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"அன்னிக்கும்தான் ஆள் வந்ததே!"

"வந்திருப்பா, மூச்சு முட்டினவா. சாதா இருமலெல்லாம் புதன்கிழமைக்குக் காத்திண்டிருக்கும். நல்ல டாக்டராக்கும் நீங்கள்!"

"உனக்கென்ன தெரியும்!" என்று கத்திவிட்டு நோட்டைப் புரட்டினேன். செவ்வாய், சனியில் வந்தவர்களில் பலர் காய்ச்சலோடு வந்தவர்கள். வியாழக்கிழமைக்காரர்களோ அவர் மருந்தையே குடித்து, என் ஆட்களைப் போலவே சீக்கிரம் தேறியிருந்தார்கள். ஜெயித்தது நானில்லை, பஞ்சாங்கம். இத்தனைக்கும் நானே செவ்வாய்க்கிழமை க்ஷவரம் செய்துகொள்ளாதவன்! வெட்கமாக இருந்தது. பேசாமல் அப்படியே கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். அவளுக்குத் தெரியுமே!

வழியையும் அவளே சொன்னாள். கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பதுபோல, சிவப்புப் பூ ஒன்றில், வெள்ளைப் பூ ஒன்றில் என்று ஒரே மாதிரிப் பொட்டலங்கள். வருகிறவரே ஒன்றை எடுக்க வேண்டும். கம்பவுண்டர் பிரித்துப் பார்த்து, பூவுக்கு உரிய மருந்தைக் கொடுப்பார். காய்ச்சிய சர்க்கரை கலந்து இரண்டுக்கும் ஒரே நிறம். யாருக்கு எது என்று என்னிடம் மூச்சுவிடக் கூடாது.

"எனக்கு ஏன் தெரியக் கூடாது?"

"உங்க மருந்தைக் குடிச்சவாகிட்ட பல்லை இளிச்சுண்டு, 'குறைஞ்சுடுத்தோல்லியோ?'ன்னு கேப்பேள். பாவம், இல்லைன்னா சொல்லுவா?"

ஐப்பசியில், துலா மாத மழையில் மறுபடி தொடங்கினோம். கடவுளே எடுத்துக் கொடுத்த மருந்து என்று ஜனங்களுக்குப் பரம சந்தோஷம். செவ்வாய்க்கிழமைகூடக் கூட்டம் வந்தது.

மழை ஓய்ந்ததும் கம்பவுண்டர் தன் நோட்டைத் திறந்தார். இரண்டு மருந்தும் சமம். பொய் சொல்வானேன், மனது உடைந்துதான் போயிற்று. அன்று சாயங்காலமே பெரிய டாக்டரிடம் போய், "உங்க மருந்து தோக்கல்லை சார். என்னோடது ஜெயிக்கவும் இல்லை" என்று இரண்டு நோட்டுகளையும் நீட்டினேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓய், ரெண்டும் சமம்னா, ரெண்டும் கேக்குதுன்னு அர்த்தமா, ரெண்டும் கேக்கலைன்னு அர்த்தமா?"

முப்பது வருஷ மருந்து! அலமாரியில் வரிசையாக நின்ற பழுப்பு பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடுத்த மழைக்கு மூணாவதா வெறும் சர்க்கரைத் தண்ணியையும் சேத்து வையும். அதுகிட்டத் தோத்தா, ரெண்டு பேரும் சேந்தே தோப்போம்."