நீந்தாத உயிரணுக்கள்

கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஓடியும் எனக்குக் குழந்தை இல்லை. தொண்ணூறுகளில் கீழ்க்கட்டளையில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. தெருவில் யாருக்காவது வளைகாப்பு என்றால், என்னை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாமியார் மட்டும் போவார். என்னவோ வீட்டை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி! "தை பொறக்கட்டும், அவனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்" என்று என் காதுபடவே சொல்வார்.

என்னிடம் குறையில்லை என்று தாம்பரத்து டாக்டரம்மா சொன்ன பிறகுதான் என் கணவர் சோதனைக்குச் சம்மதித்தார். விந்தை வீட்டிலேயே சின்ன டப்பாவில் எடுத்து, உடம்புச் சூடு ஆறாமல் கொண்டுபோக வேண்டும். அதை அக்குளில் இடுக்கியபடி அவர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, பாவம், எனக்குச் சிரிக்கக்கூட மனசு வரவில்லை.

"உயிரணு நெறைய இருக்கு. ஆனா நீந்த மாட்டேங்குது" என்றார் டாக்டரம்மா. "அதுக்குத் தெம்பு குடுக்கறது மைட்டோகாண்ட்ரியா. அதுல பிறவிக் கோளாறு இருக்கலாம். அது அம்மாகிட்டேர்ந்துதான் வரும். அம்மாவுக்கு அதால ஒரு தொந்தரவும் வராது, ஆனா அவங்ககூடப் பொறந்த ஆம்பளைங்களுக்கும் இருக்கலாம். நிச்சயமா சொல்ல இங்க டெஸ்ட் இல்லை."

கணவர் தலை நிமிரவில்லை. எனக்கோ, பொய் சொல்வானேன், துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

வாசலிலேயே மாமியார் பிடித்துக்கொண்டார். "இன்னாடா சொன்னாங்க? இவ வயித்துல இன்னா கோளாறு கீதாம்?"

"இவளுக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான்."

"எவ அவ டாக்டரு? நம்ம வம்சத்துல எந்த ஆம்பளைக்குடா அப்படி கீது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அத்தை, அது அம்மா வழியாத்தான் வருமாம். உங்ககூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாமாம்" என்று போட்டு உடைத்தேன்.

கத்தப் போகிறார் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். அவரோ முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஊரப்பாக்கத்தில் ஒரே தம்பி. பிள்ளை இல்லையென்று தம்பியின் முதல் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பி, இரண்டாவது கட்டிவைத்தவர் மாமியார்தான். இரண்டாமவளுக்கும் பிள்ளை இல்லை.

வெகுநேரம் கழித்து என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"ஏம்மா, அப்போ அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லியா? நான்தான் கையப் புடிச்சி இட்டுகினு போய் அவ ஆத்தா வூட்ல வுட்டுட்டு வந்தேன். என் கால்ல வுழுந்து அழுதுச்சிம்மா அது."