மடுவின் பலகையில் என் பெயர்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மளிகைக்கடை நான் போட்டது. முனிர்காவில் மாடி வீடு நான் எழுப்பியது. அதுவும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் ரயிலிறங்கியவன். பெண்கள் இருவரையும் நர்ஸ் ஆக்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதாதா என்பார்கள். போதாது. யமுனைக் கரையோரம் ஒரு மடு இன்னும் உயிரோடு இருக்கிறதே, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு விடிந்தால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தூண்டிலோடு அங்கே போய்விடுவேன். கூட்டாளி கிட்வாய் நகர்க்காரர், மத்திய அரசு ஊழியர். முள்ளில் புழு கோக்க அவருக்குக் கற்றுத் தந்ததே நான்தான். மழையில் ஆறு ஏறும்போது ரோகு மீன் மடுவின் ஓரப் புல்லுக்கு வந்து முட்டையிடும். அந்த மாதங்களில் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று சட்டம் வைத்தவன் நான். வயிறு பெருத்த மீன் சிக்கினால் ஈரக்கையால் பிடித்துத் திருப்பி விட வேண்டும். நான் கரையில் நின்றவரை ஒருவரும் மீறியதில்லை.

ஒரு கோடையில் ஆற்றில் சாக்கடை கூடி நுரை பொங்கியது. மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. கூட்டாளிக்கு மனம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்டோவில் ஒரு டிரம் நிறைய உயிர்மீன் கொண்டுவந்து இறக்கினார். மீனை வாங்கித் தண்ணீரில் விட்டால் புண்ணியம் என்று இங்கே பலர் செய்வதுதான். ஆனால் அவர் வாங்கி வந்ததோ ஆப்பிரிக்கக் கெளுத்தி.

"மடுவுல விட்டுடலாம் அண்ணாச்சி. ஜல்தி, மூச்சு முட்டப்போகுது."

"அதுக்கா முட்டும்? சேத்துலயே கெடந்து பொழைக்கும். சார்வாள், இது மத்த மீன் குஞ்சைப் பூராத் தின்னுரும்."

"புண்ணியத்துக்குக் குறுக்க நிக்காதீங்க."

"நிக்கல, உக்காருதேன்" என்று டிரம் மூடிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிப் போவது மீனா, நீங்களா என்று ஆட்டோக்காரர் இந்தியில் கேட்டார். கடைசியில் டிரம் வந்த வழியே மார்க்கெட்டுக்குப் போனது. கூட்டாளி டிரம்மை என் பக்கம் தள்ளிவிட்டு மறுகோடியில் உட்கார்ந்து வந்தார்.

மழை வந்தது. ஓரப் புல்லுக்குள் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மின்னின. "அச்சா, அண்ணாச்சி, இங்க பாருங்க!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியது அவர்தான்.

இப்போது மடுவைச் சுற்றி வேலி. பக்கத்துக் குடியிருப்புச் சங்கம் போட்டது. மீன் பிடிக்கத் தடை. தடை வேண்டியதுதான். ஆனாலும் ஞாயிறு காலையில் என் விரல்கள் சும்மா இருப்பதில்லை. தூண்டில் நரம்பை ரோகு முதலில் லேசாக ஒரு தட்டுத் தட்டும், கை அப்படியே உறைந்து காத்திருக்கும், அப்புறம்தான் இழுக்கும். மாடி வீடு கட்டியும் அந்த ஒரு தட்டு எனக்கு வீட்டில் கிடைக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வேலியில் ஒரு பலகை, மடுவைக் காத்தவர்கள் என்று. கூட்டாளியின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. சங்கத்தின் செயலாளர் தில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். கேட்டேன்.

"அங்கிள், நீங்க ஃபிஷிங் பண்றவங்க. அந்த போர்டுல எப்படிப் போடறது?"

"அவரும்தானம்மா பண்ணுனாரு."

"அவர் டிரம் நிறைய மீன் கொண்டு வந்தாராமே!"

அந்த வேலியைத் திறக்க வேண்டாம். எனக்கு அனுமதியும் வேண்டாம். டிரம் மூடியில் உட்கார்ந்தது யார் என்று கூட்டாளி சங்கத்துக் கூட்டத்தில் எழுந்து சொல்லட்டும். பலகையில் அவர் பெயருக்கு மேலே என் பெயரை எழுதுங்கள். பக்கத்திலேயே தூண்டில்காரர் என்றும் எழுதுங்கள்.