அந்த வருட ரீஃபண்ட் என் நாத்தனாருக்குப் போனது

என் நாத்தனார் சேய்னியின் வெள்ளை வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால், நான் முதலில் ஃப்ரீசரைத்தான் பார்ப்பேன். உள்ளே நல்ல ஆட்டுத்தொடை இருந்தால் அது அன்றோடு சரி. கேட்பார், கொடுத்தாக வேண்டும். தோங்கா தீவுக்காரர்களான எங்களில் கூடப்பிறந்த அக்காளுக்கு மேல் ஒருவர் கிடையாது. அவர் கையை நீட்டினால் தம்பிக்காரன் முகம் கோணாமல் கொடுப்பான். தம்பி பெண்டாட்டியின் முகம் கோணினால் அதை யார் பார்க்கிறார்கள்?

என் மூத்த மகளுக்குப் பெயர் வைத்ததும் சேய்னி அண்ணிதான். நான் ஆசை ஆசையாக ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். "நல்லாத்தான் இருக்கு. நாய் வாங்கினா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். என் கல்யாணத்துக்கு அம்மா நெய்து கொடுத்த பாயை ஒரு சாவு வீட்டில் மொய்யாக வைக்கவென்று எடுத்துப்போனார், அது போனது போனதுதான்.

எங்கள் ஆட்களில் ஆஸ்திரேலியாவின் இந்த மில்டுராவுக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களில் அண்ணியும் ஒருவர். புருஷன் சீக்கிரமே போய்ச்சேர்ந்துவிட்டார். முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்று நின்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். என் வீட்டுக்காரர் சியாவோசிக்கு டிக்கெட் அனுப்பி வரவழைத்ததும், திராட்சைத் தோட்டத்தில் வேலை பிடித்துக் கொடுத்ததும், கையில் ஒரு எக்காளத்தைக் கொடுத்து சபை பேண்டில் உட்கார வைத்ததும் அண்ணியேதான். அதனால் நேரில் நான் வாயைத் திறக்க முடியாது. மனசுக்குள் திட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்? நன்றாகத் திட்டுவேன்.

ஜூலை பிறந்தால் ஊரெல்லாம் டாக்ஸ் ரீஃபண்ட், கட்டிய வரியில் திரும்பி வரும் பணம், அந்தப் பேச்சுதான். ஒருத்தர் காருக்கு டயர் மாற்றுவார், ஒருத்தர் டிவி வாங்குவார். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பணம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு எங்கள் சபையின் வருடக் காணிக்கை, மிசினாலே. உண்டியலில் மடித்துப் போட்டுவிட்டு நழுவுகிற கதையெல்லாம் அங்கே நடக்காது. குடும்பம் குடும்பமாகப் பெயரைச் சொல்லி, கொடுத்த தொகையையும் சேர்த்து, செயலாளர் மைக்கில் வாசிப்பார். மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ரீஃபண்டை அப்படியே கொண்டுபோய்க் கொட்டி, எங்கள் பெயரை சியாவோசி முதல் ஐந்துக்குள் வைத்திருந்தார்.

அந்த வருடம் அவருடைய முன்பல் இரண்டும் அவரைப் பாடாய்ப் படுத்தின. கவாத்து சீசன். விடியற்காலைக் குளிரில் கொடி வெட்டப் போகிற மனுஷர் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு போனார். கன்னம் வீங்கி, ரொட்டியை டீயில் ஊறவைத்து முழுங்கினார். அரசாங்கப் பல் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பிடுங்கிவிடுகிறோம் என்றார்கள். பிடுங்கினால் எக்காளம் அவ்வளவுதான். முன்பல் இல்லாமல் உதடு எதில் ஊன்றி ஊதும்? பல்லைக் காப்பாற்ற வேண்டுமானால் தனியார் டாக்டரிடம் வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டும், நாலாயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைய ஆகும். ஒரு புதன்கிழமை வந்த ரீஃபண்டும் ஏறக்குறைய அதே அளவு. எனக்குக் கும்பிட வேண்டும் போல் இருந்தது.

அவரோ, "காணிக்கைக்கு வந்துடுச்சு" என்றார்.

"பல்லுக்கு வந்திருக்குன்னு நான் நினைச்சேன்."

"நம்ம பேரைச் சொல்லி அம்பது டாலர், நூறு டாலர்னு வாசிக்கணுமா?"

"வாசிக்கட்டுமே. காது அறுந்து விழுந்துடுமா?"

"ஆண்டவன் பங்கை எடுத்துத் தன் வாய்க்குள்ள போட்டுக்கிட்டான்னு சொல்லுவாங்க, லோசா. சபையில தலை நிமிர முடியாது."

"பல்லு போனப்புறம் எதை வச்சு ஊதுவீங்க? மூக்கை வச்சா?"

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன எனக்கு. இந்த மனுஷருக்கு அந்த எக்காளத்தை விட்டால் வேறு சந்தோஷம் எதுவும் கிடையாது. அதையும் கவுரவத்துக்குக் காவு கொடுக்கப் போகிறாரே!

அந்த நேரம் பார்த்து வேன் சத்தம் கேட்டது.

அண்ணி சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சியாவோசி படியைவிட்டு எழுந்திருக்கவில்லை, முகத்தைத் தோட்டப் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பியின் உடம்பைப் பற்றி அக்காளோ, அக்காள் காதுபடத் தம்பியோ பேசுவது எங்களில் மரியாதை இல்லை. மற்றப் பேச்சுக்கும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

"ரீஃபண்ட் வந்துச்சா?" என்றார் அண்ணி.

"எது அண்ணி?" நான் சர்க்கரையைத் தேடுவதுபோல் அலமாரிக்குள் தலையை விட்டேன்.

"உன்னைக் கேக்கல. அவனைக் கேளு."

"வந்துச்சுன்னு சொல்லு" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பாவி மனுஷர்! அக்காளிடம் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

"எவ்வளவுன்னு கேளு."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவரே சொல்லிவிட்டார்.

"அவ்வளவும் எனக்கு வேணும். இன்னிக்கே போட்டுவிடச் சொல்லு."

"சரின்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன்!" என்று கத்திவிட்டேன். "அண்ணி, அவர் ஒரு வாரமா வாயில ஒண்ணும் வைக்கல. உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டீ ஆறிப்போச்சு. வேற போடு" என்றார். குடித்துவிட்டு ஆட்டுத்தொடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பணம் அதற்குள் ஃபோனிலேயே போய்விட்டது. அன்றைக்கு நான் கழுவிய பாத்திரங்களில் ஒன்று நெளிந்தே போயிற்று.

வெள்ளிக்கிழமை வாசலில் ஹார்ன் அடித்தது. "அவனை ஏறச் சொல்லு. நீயும் வா, எனக்கு ஒரு வேலை இருக்கு." எங்கே என்று சியாவோசி கேட்கவில்லை. அக்காள் கூப்பிட்டால் அவர் கிணற்றுக்குள்ளும் இறங்குவார். வேன் போய் நின்ற இடம் அந்தத் தனியார் பல் டாக்டர் வாசல்.

"காசு முழுசும் கட்டியாச்சு. மூணு தடவை வரணுமாம். உள்ள கூட்டிட்டுப் போ" என்றார் அண்ணி, சாலையைப் பார்த்தபடி.

"அண்ணி..."

"என்ன அண்ணி? அவன் எனக்குக் குடுத்துட்டான், அது என் காசு. என் காசை நான் இஷ்டப்பட்ட இடத்துல செலவழிப்பேன். வேண்டாம்னா என் மூஞ்சியைப் பார்த்து வேண்டாம்னு சொல்லச் சொல்லு."

அதை அவர் எப்படிச் சொல்வார்? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெதுவாக இறங்கின. எனக்கோ அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, அவ்வளவு நிம்மதி. அண்ணி உள்ளே வரவில்லை. தம்பி வாயைப் பிளந்து கிடப்பதை அக்காள் பார்க்கக்கூடாதே. மூன்று தடவையும் வேனிலேயே ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பல் தேறிவிட்டது. அடுத்து ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வந்தது. வீட்டுச் செலவில் இழுத்துப் பிடித்து இருநூறு டாலர்தான் சேர்த்திருந்தோம். எங்கள் வழக்கப்படி உடைக்கு மேல் இடுப்பில் பாய் சுற்றி, பேண்ட் வரிசையில் எக்காளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சியாவோசி.

"சியாவோசி குடும்பம், இருநூறு டாலர்."

செயலாளருக்கே நம்பிக்கை இல்லை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். எனக்குப் பின்னால், "ஏன், வீடு கீடு வாங்கிட்டாங்களா?" என்று ஒருத்தி குசுகுசுத்தாள். சியாவோசியின் காது சிவந்துவிட்டது. தலை குனிந்துகொண்டே போனது.

முன்வரிசையில் அண்ணி எழுந்தார்.

"செயலாளரே, கொஞ்சம் நில்லுங்க. அவன் ரீஃபண்டை மொத்தமா நான் கேட்டேன், குடுத்துட்டான். ஒரு டாலர் விடாம நான்தான் தின்னேன். யாருக்காவது கேள்வி இருந்தா என்கிட்ட கேளுங்க."

அக்காள் வாங்கியதை எவர் கேள்வி கேட்பார்? மண்டபம் கொல்லென்று சிரித்தது. "தம்பின்னா இப்படி இருக்கணும்ப்பா" என்று ஒரு பெரியவர் உரக்கச் சொன்னார், நாலு பேர் ஆமோதித்தார்கள். பேராசைக்காரி என்ற பெயரை அண்ணி தன் தலையில் போட்டுக்கொண்டு, பாயைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். பல்லுக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு நல்ல பெயர், தம்பிக்குத் தலைகுனிவு. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

விருந்தில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "லோசா, உன் நாத்தனார் உன்னை நல்லா மொட்டை அடிச்சுட்டாங்களேடி!"

"ஆமாக்கா, ஒரு முடி விடல" என்றேன்.

இருப்பதிலேயே பெரிய தட்டை எடுத்து, மொறுமொறுவென்ற பன்றித்தோலும் கிழங்கும் சேம்பிலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த இறைச்சியும் குவித்து அண்ணி முன்னால் வைத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அங்கேயே நின்றேன்.

அண்ணி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? நாலாயிரத்தைத் தின்னவளுக்கு இது எந்த மூலைக்கு?"

நான் இன்னொரு தட்டு எடுத்துவரப் போனேன்.