டிரிப் சோதனை: திருப்திகரம்

மஸ்கட்டில் எனக்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. சிவப்புப் பூட்டு, அதன் வயிற்றில் என் புகைப்படம். காலையில் வேலைத்தளத்துக்குப் போனதும் பெர்மிட் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த டிரான்ஸ்ஃபார்மரில் கைவைக்கப் போகிறேனோ அதன் சுவிட்சை அணைத்து, என் முகத்தை அதில் தொங்கவிட்ட பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைத் தொடலாம். சாவி என் சட்டைப் பையில் இருக்கும். முதீர் என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் மேலாளரே வந்து நின்றாலும் நான் திறக்காமல் மின்சாரம் வராது. முதல் வாரம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் விருத்தாசலத்தில் தேர்தல் வந்தால்தான் மனித முகங்கள் கம்பத்தில் தொங்கும். அப்படித் தொங்கியவர்களும் அதன்பிறகு எந்தப் பொறுப்பும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

பூட்டுக் கொடுப்பவர் கல்ஃபான் என்ற ஓமானியர். ஒருநாள் சின்னக் கோப்பையில் காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, உங்கள் நாட்டில் இந்தச் சாவியை யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் பூட்டே கிடையாது, ஒருவர் வேலை செய்கிறார் என்றால் எல்லோருக்கும் தெரியும், வாய்வார்த்தைதான் என்றேன். குறையாகத்தான் சொன்னேன். அவரோ கண்கள் விரிய, மாஷா அல்லா, ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கையா என்று நெஞ்சில் கைவைத்தார். நான் மறுக்கவில்லை. வெளிநாட்டில் நம் ஊரைப் பற்றி யாராவது தப்பாக உயர்த்திப் பேசினால் திருத்துகிற வழக்கம் நம்மில் யாருக்கும் இல்லை. ஆனால் என் வாய்வார்த்தையை நம்பிக்கொண்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தினமும் என் தங்கை புருஷன் நின்றுகொண்டிருந்தான்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் ரிலே மாற்றும் வேலையில் இருந்தேன். ரிலே என்பது டிரான்ஸ்ஃபார்மரின் காவல்காரன். உள்ளே போகும் மின்சாரத்தையும் வெளியே வரும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்; கணக்கு இடித்தால் அந்த நொடியே பிரேக்கரைத் திறந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதற்குப் பெயர் டிரிப். எங்கள் ஊர் சப்-ஸ்டேஷன் ஒன்றில் பழைய ரிலேயைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது. ரிலேயிலிருந்து பிரேக்கருக்குப் போகும் வயரின் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். டிரிப் லிங்க் என்போம். சோதனை செய்யும்போது ஊரே அணைந்துவிடாமல் இருக்க அதைத் திறந்து, இணைப்பைத் துண்டித்து வைப்போம். கடைசியில் அதை மூடி, ஒருமுறை நிஜமாகவே டிரிப் செய்து, பிரேக்கர் திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் டிரிப் சோதனை. அதைச் செய்யாதவரை மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

லிங்க்கை மூட ஸ்க்ரூடிரைவரை எடுத்த நேரத்தில் பீங்கான் கம்பெனிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சூளை எரிந்துகொண்டிருக்கிறது, பத்து நிமிடம் காற்றூதி நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு முழுவதும் வெடித்துவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரக்கு என்ன தெரியுமா? ஃப்யூஸ் கட்டை. ஆபத்து வந்தால் மின்சாரத்தை நிறுத்துவதற்காக ஊர் ஊராகப் போகும் ஃப்யூஸ் கட்டை செய்வதற்காக, ஆபத்து வந்தால் மின்சாரம் நிற்குமா என்று பார்க்கக் கூடாதாம். மறுநாள் வேறொரு சூளை. அதற்கு மறுநாள் இன்னொன்று. அந்த ஊரில் சூளை எரியாத நாள் பஞ்சாங்கத்தில் கிடையாது. நாலாம் நாள் எனக்கு விசா வந்தது. அன்று மாலையே ரிப்போர்ட்டில் ‘டிரிப் சோதனை: திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைப் பார்த்துத்தான் கம்பெனி எனக்கு அனுபவச் சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் மஸ்கட்காரர்கள் என்னை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். பித்தளைத் துண்டு திறந்தபடியே இருந்தது. போகும் அவசரத்தில் மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. மூடிவிட்டு, சோதிக்காத ரிலே தவறாக டிரிப் ஆனால் பயணம் தள்ளிப்போகுமே என்று பயந்தேன்.

மஸ்கட்டில் என்னைப்போல் கறாரான ஆள் கிடையாது. மூன்று முறை டிரிப் செய்து பார்க்காமல் எந்த டிரான்ஸ்ஃபார்மரையும் ஒப்படைக்க மாட்டேன். முதீர் என்னை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார். இந்தியர்கள் எவ்வளவு சிரத்தையானவர்கள் என்று கல்ஃபான் வியந்தார். ஊருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் லிங்க் பற்றி எழுத உட்காருவேன். எங்கள் வீட்டில் கடிதத்தைத் தெருவுக்கே கேட்கும்படி உரக்கப் படிப்பார்கள் என்பது நினைவுக்கு வரும். பேனா உடனே மழை பெய்ததா, உளுந்து எப்படி என்று விசாரிக்கப் போய்விடும். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். முதல் மூன்று நாள், நாம் எல்லோரும் செய்வதுபோல், மஸ்கட் சாலையின் சுத்தத்தையும் வரிசையில் நிற்கும் ஒழுக்கத்தையும் பற்றிக் கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் பிரசங்கம் செய்தேன். சப்-ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருக்கும் என் தங்கை புருஷன் ஏகாம்பரம் அந்த மூன்று நாளும் முழுக்கைச் சட்டையை மடிக்காமலே இருந்தான். நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். இடது முன்கை முழுவதும் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. போன வருடம் ஒரு மத்தியானம் எண்ணெய்ச் சூடு பார்க்க டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போயிருக்கிறான். மேலே பாம்பு ஏறிப் பொறி பறந்து, டிரான்ஸ்ஃபார்மர் தலையிலிருந்த பீங்கான் உடைந்து, கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டியிருக்கிறது. அந்தக் கையோடு கண்ட்ரோல் ரூமுக்கு ஓடிப்போய் கைப்பிடியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறான். உன் மனசு கஷ்டப்படும் என்றுதான் எழுதவில்லை என்றாள் என் தங்கை செல்வி. பிறகு எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “நீ புதுசா ரிலே போட்டுட்டுப் போனியே, அதாலதாண்ணே இத்தோட போச்சு.”

நான் ரசத்தைச் சோற்றோடு பிசைந்துகொண்டே இருந்தேன். ஏகாம்பரம் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

மறுநாள் காலை அவனுடைய ஷிஃப்ட்டுக்கு நானும் கூடப் போனேன். நான் பொருத்திய ரிலேயின் கண்ணாடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் அதன்மேல் பெரிய குங்குமப் பொட்டும் இருந்தன. மற்ற ரிலேக்களுக்குக் கடுகளவு பொட்டு, இதற்கு மட்டும் எட்டணா அகலம். துடைக்கக் கையை நீட்டினேன்.

“மச்சான், அத அழிக்காதீங்க” என்றான் ஏகாம்பரம்.

அதற்குள் துடைத்துவிட்டேன். அடியில் சிவப்புக் கொடி விழுந்திருந்தது. ரிலே வேலை செய்தால் உள்ளே ஒரு சின்னத் தகடு விழும். அதைத்தான் கொடி என்போம். ஆக, அந்த மத்தியானம் ரிலே சரியாகவே பார்த்திருக்கிறது, சரியாகவே கத்தியிருக்கிறது. அதன் குரல் பிரேக்கருக்குப் போகும் வழியைத்தான் நான் அறுத்துவைத்திருந்தேன். கீழே குனிந்து பார்த்தேன். பித்தளைத் துண்டு நான் விட்டுப்போனபடியே திறந்து கிடந்தது. என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

“எண்ண கொட்டுன அன்னிக்கே பாத்துட்டேங்க. மூடுனா லாக்கு புக்குல எழுதணும். யாரு தொறந்ததுன்னு கேப்பாங்க. உங்க பேரு வரும், சர்ட்டிபிகேட்டு போயிடும். கொடிய தூக்கி வுட்டாலும் எழுதணும். அதான் பொட்டு வச்சேன்.”

அந்தப் பொட்டின் முன்னால் ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். என் பெயரைக் காப்பாற்ற ஒருவன் ஒரு வருடமாகக் காவல் இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் மணிக்கொரு தடவை போய் நின்று சூடு பார்த்து எழுதியிருக்கிறான். பேனாவைக் கொடு, நானே லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

“நீங்க இப்ப இங்க ஆளு இல்லியே மச்சான். வெளியாளு உள்ள வந்ததே தப்பு. அத எப்படி எழுதுறது?”

அப்படியானால் இது எங்கேயுமே எழுதப்படாதா என்று கேட்டேன். எழுதாமல் இருப்பேனா, கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டியிருக்கிறேன் என்றான். எங்கள் பக்கத்தில் குறை இருந்தால் காகிதத்தில் மனுவாக எழுதி அந்தச் சாமியின் சந்நிதியில் கட்டிவிடுவோம். குறை தீர்ந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். என் சம்சாரத்தின் அண்ணன், இன்னார் மகன் இன்னார், டிரிப் லிங்க்கை மூடாமல் மஸ்கட் போய்விட்டார், அவரை வரவழைத்து அவர் கையாலேயே மூட வைக்க வேண்டும் என்று முழு விலாசத்தோடு எழுதியிருக்கிறான். மூன்று வருடத்தில் அந்த லிங்க்கைப் பற்றி எழுதப்பட்ட ஒரே உண்மையான ரிப்போர்ட் அதுதான்.

நான் மூடினேன். கொடியைத் தூக்கிவிட்டேன். போய் வாபஸ் வாங்கிவிடு என்றேன். அவன் முடியாது என்று தலையை ஆட்டினான்.

“டிரிப் பண்ணிப் பாக்கலியே மச்சான். இன்னிக்குச் சூளை எரியுது. ஆபீசருக்குத் திருப்திகரம்னு எழுதலாம். சாமிகிட்ட எப்படிங்க எழுதுறது?”

என் விடுமுறை முடியும்வரை ஏதாவது ஒரு சூளை எரிந்துகொண்டேதான் இருந்தது. போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். திரும்பி வந்த முதல் நாள் கல்ஃபான் பூட்டை நீட்டி, ஊரில் வேலை எல்லாம் ஹலாஸா என்று கேட்டார். ஹலாஸ் என்றால் முடிந்தது என்று அர்த்தம். நான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். களைத்துப்போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் காவா ஊற்றினார். பகலெல்லாம் இந்த ஊரில் என் முகம் பூட்டில் தொங்குகிறது. சாயங்காலம் ஆனதும் என் பையிலுள்ள சாவியால் திறந்து கழற்றிவிடுகிறேன். என் ஊரில் என் பெயர் பிராதில் தொங்குகிறது. அதை அவிழ்க்கிற சாவி என்னிடம் இல்லை.